2¹²⁷ − 1 என்னும் பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த எண் இது?

இரண்டை 127 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது இதுதான்:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கங்கள். கோடிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1701 கோடி கோடி கோடி கோடி கோடி. 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது. கீழே இதை "நம் எண்" என்றே குறிப்பிடுகிறேன்.

இரும முறையில் எழுதினால் இதன் உருவம் மிக எளிது: வரிசையாக 127 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது.

இதே அளவில் எத்தனையோ பகா எண்கள் இருக்குமே, இதில் மட்டும் என்ன விசேஷம்?

உண்மைதான், ஏராளமாக இருக்கின்றன. நம் எண்ணுக்குக் கீழே மட்டும் ஏறத்தாழ 2 × 10³⁶ பகா எண்கள் உண்டு. இந்த உயரத்தில் சராசரியாக 88 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். ஒற்றைப்படை எண்களை மட்டும் பார்த்தால் 44-க்கு ஒன்று. எனவே 39 இலக்கப் பகா எண் என்பது அரிய பொருளே அல்ல.

அரியது இதன் வடிவம். 2-இன் ஓர் அடுக்குக்குச் சரியாக ஒன்று குறைவு என்ற அந்த ஒரே செய்தியிலிருந்து இதன் காரணிகள் எப்படி இருக்க முடியும், அண்டை எண்கள் எப்படி இருக்கும், எத்தனை வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதலாம் என்று பலவற்றையும் காகிதத்தில் வருவித்துவிடலாம். கணினியே இல்லாத காலத்தில் இது பகா எண் என்று நிறுவ முடிந்ததும் இதனால்தான். அளவைச் சொல்லி வியப்பதைவிட இந்த வடிவத்தைப் புரிந்துகொள்வதில்தான் எனக்கு ஆர்வம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வருகின்றன.

மெர்சென் பகா எண் என்றால் என்ன?

2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் பகா எண்களுக்கு அந்தப் பெயர். 3, 7, 31, 127 ஆகியவை முதல் நான்கு. நம் எண் அந்த வரிசையில் 12-ஆவது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகத்தான் இருக்கும். இதற்கு இயற்கணிதம்கூட வேண்டாம், இரும வடிவத்தைப் பார்த்தாலே போதும். 63 என்பது 2-இன் 6-ஆவது அடுக்குக்கு ஒன்று குறைவு, இருமத்தில் 111111. ஆறு ஒன்றுகளையும் மும்மூன்றாகப் பிரித்தால் 111, 111 என்று இரண்டு கட்டுகள். ஆகவே அது இருமத்தில் 111 × 1001, அதாவது 7 × 9. இரண்டிரண்டாகப் பிரித்தால் 11 × 10101, அதாவது 3 × 21. நம் எண்ணில் இருப்பவை 127 ஒன்றுகள். 127 பகா எண் என்பதால் அவற்றை இப்படிச் சம கட்டுகளாகப் பிரிக்க வழியே இல்லை.

ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த வகை எண்களின் சுவாரசியமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பகா அடுக்குக்கு விடையும் பகா எண்ணாக வரும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

பிரெஞ்சுத் துறவியான மரேன் மெர்சென் 1644-இல் 257 வரை உள்ள அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவற்றில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. 61-ஐ இவான் பெர்வூஷின் 1883-இலும், 89, 107 இரண்டையும் ரால்ஃப் பவர்ஸ் 1911, 1914 ஆண்டுகளிலும் கண்டுபிடித்தார்கள். பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடித்தது 1947-இல்தான், அதாவது 300 ஆண்டுகள் கழித்து. அந்தப் பட்டியலில் சரியாக அமைந்தவற்றுள் மிகப் பெரியது நம் எண்.

காரணிகளைத் தேடி வகுத்துப் பார்த்தே இதை நிறுவியிருக்க முடியாதா?

முடியாது. ஏன் என்பதை விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் நம் எண்ணின் வடிவம் இங்கே நிறையவே உதவுகிறது. அப்படி உதவியும் அந்த வேலை முடியாது.

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் க என்போம். அப்படியானால் 2¹²⁷-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. 127 பகா எண் என்பதால், 2-இன் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 வரும் இடம் 127-ஆகத்தான் இருக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, க-இலிருந்து ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வர வேண்டும். எனவே 127 என்பது க − 1-ஐ வகுக்கும். க ஒற்றைப்படை என்பதால் 254-உம் அதை வகுக்கும். ஆக, க என்பது 254-இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2¹²⁷-க்கு மீதி 1 என்றால் 2¹²⁸-க்கு மீதி 2. ஆனால் 2¹²⁸ என்பது 2⁶⁴-இன் வர்க்கம். ஆகவே க-ஐப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க மீதி, அதாவது ஒரு வர்க்க எண்ணை க-ஆல் வகுத்தால் வரும் மீதி. அப்படி இருக்க வேண்டுமானால் க-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் 255, 1017, 1271, 2033, 2287 என்று பட்டியல் நீள்கிறது. முதல் நான்கும் பகு எண்கள் (1017 = 9 × 113, 1271 = 31 × 41, 2033 = 19 × 107). ஆக, நாம் முதன்முதலாக வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 2287. அதற்குக் கீழே உள்ள பகா எண்கள் எதையும் தொட வேண்டியதே இல்லை!

இவ்வளவு கழித்துக் கட்டிய பிறகும் எத்தனை மிஞ்சும்? நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. அதுவரை போனால் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் பகா எண்கள் சுமார் 12 கோடி கோடி. வினாடிக்கு ஒன்று என்று ஓயாமல் வகுத்தாலும் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பிறகு யார், எப்படி நிறுவினார்கள்?

பிரெஞ்சுக் கணிதவியலர் எடுவார் லூக்காஸ், 1876-இல். ஃபிபொனாச்சி எண்களுக்கு அந்தப் பெயர் நிலைக்கக் காரணமானவர் இவர். ஹனாய் கோபுரம் என்ற வட்டுப் புதிரை 1883-இல் வெளியிட்டவரும் இவரே. அந்தப் புதிரில் 127 வட்டுகள் இருந்தால் அவற்றை மாற்றி அடுக்கக் குறைந்தபட்சம் எத்தனை நகர்வுகள் வேண்டும் தெரியுமா? சரியாக நம் எண் அளவு.

லூக்காஸுக்கு முன் தெரிந்திருந்த மிகப் பெரிய பகா எண் 3203431780337. வெறும் 13 இலக்கம். 1867-இல் லாண்ட்ரி கண்டுபிடித்தது. அங்கிருந்து ஒரே தாவலில் 39 இலக்கத்துக்குப் போனார் லூக்காஸ். இயந்திர உதவி எதுவும் இல்லாமல் நிறுவப்பட்ட பகா எண்களில் இன்றுவரை இதுவே பெரியது.

அவர் கண்டுபிடித்த சோதனையை அமெரிக்கரான டெரிக் லேமர் 1930-இல் எளிமையாக்கினார். அந்த வடிவம்தான் இன்று பயன்பாட்டில் இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவே: 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். விடையை நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். இப்படி 125 முறை. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

சிறிய எண்ணில் செய்து பார்த்தால் பிடிபட்டுவிடும். 127 என்பது 2⁷ − 1. அடுக்கு 7 என்பதால் ஐந்து சுற்றுகள் போதும்.

4-இல் தொடங்கினால் 4² − 2 = 14.
14² − 2 = 194, மீதி 67.
67² − 2 = 4487, மீதி 42.
42² − 2 = 1762, மீதி 111.
111² − 2 = 12319. இது 127 × 97. மீதி 0.

ஆகவே 127 பகா எண். சுற்றுகளின் எண்ணிக்கை எப்போதும் அடுக்கைவிட இரண்டு குறைவு.

மீதி காண்பதும் சுலபம். 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 4487-ஐ 128-இன் மடங்காகப் பிரித்து, 35 × 128 + 7 என்று எழுதி, 35-ஐயும் 7-ஐயும் கூட்டினாலே 42 கிடைத்துவிடும். வகுத்தல் என்ற வேலையே இல்லை. நம் எண்ணிலும் இதே கதைதான்: இரும வடிவில் கடைசி 127 இலக்கங்களைத் தனியே வைத்து, மேலே மிஞ்சியதைக் கீழே இறக்கிக் கூட்ட வேண்டும். லூக்காஸ் சதுரங்கப் பலகையைப் போலக் கட்டம் போட்டு, இரும இலக்கங்களைக் காய்களாக நகர்த்திக் கணக்கிடும் முறையை விவரித்திருக்கிறார். அவர் பயன்படுத்திய வடிவம் 4-க்குப் பதில் 3-இல் தொடங்குவது. அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் இடங்களில் அது செல்லும். 127 அப்படிப்பட்ட எண்தான்.

125 முறை 39 இலக்க எண்களை வர்க்கமாக்குவது பெரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதரால் செய்து முடிக்கக்கூடிய உழைப்பு.

வர்க்கமாக்கி இரண்டைக் கழித்தால் பகா எண் என்று எப்படித் தெரியும்? ஏதோ மாயம் போல இருக்கிறதே.

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வாதம் தெளிவானது. கொஞ்சம் பொறுமை இருந்தால் முழுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

2 + √3, 2 − √3 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1, கூட்டினால் 4. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 14. மறுபடியும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 194. மேலே பார்த்த வரிசைதான் இது. "வர்க்கமாக்கி 2-ஐக் கழி" என்ற செயல், உண்மையில் 2 + √3-இன் அடுக்கை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறது.

இப்போது 125 சுற்றுகளுக்குப் பின் மீதி 0 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது, நம் எண்ணால் வகுத்த மீதியாகப் பார்த்தால், 2¹²⁵ அடுக்கில் அந்த இரண்டு எண்களின் கூட்டல் பூச்சியம். இருபுறமும் முதல் எண்ணின் அதே அடுக்கால் பெருக்கினால், 2 + √3-இன் 2¹²⁶ அடுக்கு −1 ஆகிறது. இன்னொரு முறை வர்க்கமாக்கினால் 2¹²⁷ அடுக்கு 1. அதாவது 2 + √3 திரும்பவும் 1-க்கு வந்து சேரச் சரியாக 2¹²⁷ படிகள் எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன்னால் வராது.

சரி, நம் எண் பகு எண்ணாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கு வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி க இருந்தாக வேண்டும். மேலே செய்த கணக்கையெல்லாம் க-ஆல் வகுத்த மீதிகளிலும் செய்யலாம். அங்கும் அதே 2¹²⁷ படிகள் வேண்டும். ஆனால் அந்த உலகத்தில் "ஓர் எண் + இன்னோர் எண் × √3" என்ற வடிவில் பூச்சியம் தவிர இருப்பவையே க² − 1 உறுப்புகள்தான். க² நம் எண்ணைத் தாண்டாது, எனவே க² − 1 என்பது 2¹²⁷-ஐவிடச் சிறியது. இருக்கும் உறுப்புகளைவிட அதிகப் படிகள், திரும்பி வராமல் நடக்க முடியாது. முரண்பாடு. ஆகவே அப்படி ஒரு காரணியே கிடையாது.

இங்கே உயிர்நாடி, நம் எண்ணோடு 1-ஐக் கூட்டினால் 2-இன் தூய அடுக்கு வருகிறது என்பதே. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு 39 இலக்க எண்ணுக்கு இந்த வசதி இராது.

மீதி 0 வந்தால் பகா எண் என்பதை மட்டும்தான் இங்கே பார்த்தோம். பகா எண்ணாக இருந்தால் 0 வந்தே தீரும் என்ற மறுதிசைக்கு, நம் எண்ணைப் பொறுத்தவரை 3 வர்க்க மீதி அல்ல என்ற செய்தி தேவைப்படும். அதுவும் உண்மைதான்.

பகு எண் என்றால் இந்தச் சோதனை காரணியைக் காட்டிக்கொடுக்குமா?

கொடுக்காது. 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று அதே 1876-இல் லூக்காஸ் சொல்லிவிட்டார், ஆனால் அதன் காரணி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. 193707721 × 761838257287 என்று அதைப் பிரித்துக் காட்டியவர் ஃபிராங்க் நெல்சன் கோல், 1903-இல்.

இரட்டைப் பகா எண்களில் இது ஒன்றா?

இல்லை. 2 வித்தியாசத்தில் அமையும் 11, 13 போன்ற இணைகளைத்தான் இரட்டைப் பகா எண்கள் என்கிறோம். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 727. இரண்டைக் கழித்தால் 725-இல் முடியும்; அது 25-ஆல் வகுபடும். இரண்டைக் கூட்டினால் 2¹²⁷ + 1. ஒற்றைப்படை அடுக்கு என்பதால் அது 3-ஆல் வகுபடும். இருபுறமும் துணை இல்லாத எண் இது.

ஆனால் அந்த 2¹²⁷ + 1-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 56713727820156410577229101238628035243 என்ற எண்ணும் பகா எண்! 1989-இல் பேட்மன், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் முன்வைத்த ஊகம் ஒன்று இதோடு தொடர்புடையது. ஓர் ஒற்றைப்படை அடுக்குக்கு மூன்று தகுதிகளைப் பார்க்கச் சொன்னார்கள். முதலாவது, 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண். இரண்டாவது, 1-ஐக் கூட்டி 3-ஆல் வகுத்தால் பகா எண். மூன்றாவது, அந்த அடுக்கே 2-இன் ஓர் அடுக்குக்கு ஒன்று முன்னோ பின்னோ, அல்லது 4-இன் ஓர் அடுக்குக்கு மூன்று முன்னோ பின்னோ இருப்பது. இவற்றில் ஏதேனும் இரண்டு உண்மையானால் மூன்றாவதும் உண்மையாகும் என்பது ஊகம். மூன்றும் சேர்ந்து பொருந்தும் பகா அடுக்குகளாக இதுவரை தெரிந்தவை 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 127 மட்டுமே. அந்தப் பட்டியல் 127-ஓடு நின்றுவிட்டது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா?

முடியாது. மூன்று வர்க்கங்களாலும் முடியாது. எந்த வர்க்க எண்ணையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். அப்படி மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது, வேண்டுமானால் முயன்று பாருங்கள். நம் எண் இருமத்தில் 111 என்று முடிவதால் 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்பது லக்ராஞ்சு நிறுவியது. நம் எண்ணுக்கு அந்த நான்கும் கட்டாயம் தேவை.

நிறைவெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமாக உள்ள எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. அடுத்து 28, 496, 8128. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படி வந்தவைதாம் என்று ஆய்லர் நிறுவினார்.

நம் எண் தரும் நிறைவெண் 2¹²⁶ × (2¹²⁷ − 1). 77 இலக்கங்கள். சரிபார்ப்பது எளிது: 2¹²⁶-இன் வகுத்திகள் 1, 2, 4 என்று போய் 2¹²⁶-இல் முடியும், அவற்றின் கூட்டல் 2¹²⁷ − 1. நம் எண்ணின் வகுத்திகள் 1-உம் தானும், கூட்டல் 2¹²⁷. இரண்டையும் பெருக்கினால் அந்த 77 இலக்க எண்ணின் இருமடங்கு வருகிறது. தன்னையும் சேர்த்து இருமடங்கு என்றால், தன்னை நீக்கினால் சமம்.

நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்படிப் பிரியும்?

மிக நன்றாகப் பிரியும்: 2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929. இதில் 127 இருப்பது தற்செயல் இல்லை. 2¹²⁶-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்கிற ஃபெர்மாவின் தேற்றம்தான். ஒன்றைக் கூட்டினால் 2¹²⁷, கழித்தால் இத்தனை சிறு காரணிகள். இரு பக்கமும் முழுக்கப் பிரித்து எழுதத் தெரிந்த எண் என்பதால், இது பகா எண் என்று நிறுவ லூக்காஸ் வழியைத் தவிர வேறு வழிகளும் திறந்திருக்கின்றன.

இதன் தலைகீழியை, அதாவது 1-ஐ இதனால் வகுத்தால் வருவதை, தசம எண்ணாக எழுதினால்?

தசமத்தைவிட இருமத்தில் எழுதுங்கள், அழகாக இருக்கும்: புள்ளிக்குப் பின் 126 பூச்சியங்கள், ஒரு 1, மறுபடி 126 பூச்சியங்கள், ஒரு 1 என்று முடிவின்றிப் போகும்.

கணினியில் இந்த எண் எங்கே வருகிறது?

குறியோடு கூடிய 128 பிட் முழு எண்ணில் சேமிக்கக்கூடிய உச்ச மதிப்பு இதுதான். குறிக்கு ஒரு பிட் போனால் மிச்சம் 127 பிட், எல்லாம் ஒன்று. 32 பிட்டில் அதே இடத்தில் இருப்பது 2147483647, அதுவும் மெர்சென் பகா எண்ணே. 1772-இல் ஆய்லர் நிறுவியது. 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1 பகா எண் அல்ல, ஏனென்றால் 63 பகு எண்.

வகுக்காமலே மீதி காணலாம் என்று மேலே பார்த்தோமே, அந்த வசதிக்காகவே இது நிரல்களில் விரும்பப்படுகிறது. தரவுகளைச் சுருக்கி முத்திரையிடும் ஹேஷ் சார்புகளில் இத்தகைய மெர்சென் பகா எண்களை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மறையாக்கத்துக்காக வடிவமைத்த ஃபோர்-கியூ என்ற நீள்வட்ட வளைவு நம் எண்ணின் மீதேதான் கட்டப்பட்டது. வேகம்தான் காரணம்.

அப்படியானால் மறையாக்கத்தில் ரகசியச் சாவியாக இதை வைக்கலாமா?

கூடாது. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில் பகா எண்கள் ரகசியமாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த எண் அங்கே பயன்படாது. அளவும் போதாது, 2048 பிட் சாவிக்கு 1024 பிட் அளவில் இரண்டு பகா எண்கள் வேண்டும். ஃபோர்-கியூ போன்ற இடங்களில் இந்த எண் வெளிப்படையான களம் மட்டுமே. ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது.

எவ்வளவு காலம் இது மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது?

75 ஆண்டுகள். 1951-இல் ஃபெரியே மேசைக் கணக்குப்பொறியின் துணையோடு (2¹⁴⁸ + 1) ÷ 17 என்ற 44 இலக்க எண்ணைப் பகா எண் என்று நிறுவினார். அதே ஆண்டில் மில்லரும் வீலரும் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் 79 இலக்க எண் ஒன்றை எட்டினார்கள். அந்த எண்ணின் அமைப்பைப் பாருங்கள்: நம் எண்ணின் வர்க்கத்தை 180-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டியது. பழைய சாதனையின் மேலேயே புதியதைக் கட்டினார்கள். 1952 ஜனவரி 30 அன்று ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல், ஸ்வாக் கணினியில் 521, 607 என்ற அடுக்குகளைக் கண்டுபிடித்தது. 521-க்கே 157 இலக்கங்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமான ஓட்டம். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் திட்டம், யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியை இந்தத் தேடலில் சேர்க்க வழி செய்தது. 2024 அக்டோபரில் அந்தத் திட்டத்தின் வழியே லூக் டூரான்ட் கண்டுபிடித்த மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841, இலக்கங்கள் 4,10,24,320. அதை இறுதியாக உறுதிசெய்ததும் இதே லூக்காஸ்–லேமர் சோதனைதான்.

நானே சரிபார்க்கலாமா?

தாராளமாக. பைத்தான் போல, எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கையாளும் நிரல்மொழி ஒன்று போதும். 4-இல் தொடங்கி 125 முறை சுழலும் ஒரு கண்ணி. உள்ளே வர்க்கம், 2-ஐக் கழித்தல், மீதி. ஒரு வினாடிக்குள் 0 வந்து நிற்கும். அடுக்கை 67 என்று மாற்றி, 65 சுற்றுகள் ஓட்டி, 0 வராததையும் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் சோதனையின் கூர்மை புரியும்.

இதையே அடுக்காக வைத்தால் இன்னும் பெரிய பகா எண் கிடைக்குமா?

யாருக்கும் தெரியாது. கேட்கத் தூண்டும் கேள்வி இது. 2-இல் தொடங்குங்கள். 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 நம் எண். ஐந்தும் பகா எண்கள். லூக்காஸின் அறிவிப்பு வந்த அதே 1876-இல் யூஜீன் கட்டலான் இந்த வரிசையைக் கவனித்தார். ஆறாவது உறுப்பு, 2-இன் அடுக்காக நம் எண்ணையே வைத்து 1-ஐக் கழித்தது.

மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தால் எப்போதும் பகா எண் வரும் என்று நம்பிவிடக் கூடாது. 2¹³ − 1 = 8191 பகா எண்; ஆனால் 8191-ஐ அடுக்காக வைத்தால் வருவது பகு எண். 1953-இல் கணினி அதைக் காட்டியது.

ஆறாவது உறுப்பில் ஏறத்தாழ 5 × 10³⁷ இலக்கங்கள். அதை எழுதி வைக்கவே எந்தச் சேமிப்பகமும் போதாது. சோதனைக்கு வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கையே 39 இலக்க எண். ஆகவே லூக்காஸ்–லேமர் சோதனை இங்கே கைகொடுக்காது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: காரணி தேடுவது. 254-க்குச் சொன்ன அதே விதிப்படி, அதற்குக் காரணி இருந்தால் அது நம் எண்ணின் இருமடங்கினுடைய ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அந்த மடங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகிறார்கள். இதுவரை எதுவும் சிக்கவில்லை. ஒரே ஒரு காரணி சிக்கினால் அது பகு எண் என்று அன்றே முடிவாகிவிடும். பகா எண்ணாக இருந்தால், அதை நிறுவ இன்றைக்கு நம்மிடம் வழி எதுவும் இல்லை.